நானேக்காரர் கட்டிய குளம்

மனிதர்களில் நானேக்காரர் என்று ஒரு வகை உண்டு. இவரைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். உங்கள் தெருவில் இரண்டு பேராவது இருப்பார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார் என்றால், இந்த நேரத்தில் உங்கள் வீட்டில் ஏதோ ஒரு சாமான் கழற்றிப் போட்டபடி கிடக்கிறது என்று அர்த்தம்.

மின்விசிறி நின்றால் எலக்ட்ரீஷியனையும், குழாய் ஒழுகினால் பிளம்பரையும், சுவர் இடிந்தால் கொத்தனாரையும் கூப்பிடுவது ஊர் வழக்கம். நானேக்காரர் கூப்பிட மாட்டார். "ஆளா? எதுக்கு ஆளு? நானே பாத்துக்கறேன்" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டூலைத் தேடுவார். தேடுவார் என்றா சொன்னேன்? தப்பு. ஸ்டூலைத் தேடி எடுத்துவரச் சொல்வார். அவர் ஒரு வேலையைத் தானே செய்ய வேண்டுமென்றால் வீட்டில் குறைந்தது நாலு பேர் இருக்க வேண்டும். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஒருவர், டார்ச் அடிக்க ஒருவர், ஸ்க்ரூ டிரைவரை எட்டிக் கொடுக்க ஒருவர், அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கிவர ஒருவர். எல்லாம் முடிந்து கீழே இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு அவர் சொல்லும் வாசகம் என்ன? "பாத்தியா, நானே முடிச்சிட்டேன்."

கழற்றியவற்றை எல்லாம் மாட்டிய பிறகும் அவர் கையில் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும். அதற்காக அவர் வருந்த மாட்டார். "கம்பெனிக்காரன் ஜாஸ்தியா போட்டிருக்கான்" என்று ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைப்பார். அந்த பாட்டில் நிறைய நிறைய அந்த வீட்டு சாமான்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. எவ்வளவு பெரிய வேலையைப் பார்த்தாலும், ரயில் இன்ஜினைப் பார்த்தாலும்கூட, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்து, "இதுல இன்னா இருக்குது?" என்பார். அந்தக் கேள்வியை அவர் கேட்டுவிட்டால், சம்பந்தப்பட்ட பொருளை ஆண்டவர்தான் காப்பாற்ற வேண்டும்.

ஆம்பூரில், ரயில்வே லைனை ஒட்டிய தெருவில் இருந்த கிருபானந்தம் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தொழிலில் கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆளுயரத்துக்கும் மேலான மர டிரம்களில், மரப்பட்டையை ஊறவைத்து எடுத்த பட்டைத் தண்ணீரை நிரப்பி, தோலைப் போட்டுப் புரட்டிப் பதப்படுத்தும் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. அந்த டிரம்கள் இருக்கும் கொட்டகைக்குள் இரும்பு வாளியோடு யாராவது நுழைந்துவிட்டால் போதும், அவர் கத்துவது பள்ளிகொண்டா வரை கேட்கும். "பட்டைத் தண்ணியில இரும்பு பட்டா இன்னா ஆவும்? சொல்லு, இன்னா ஆவும்? மசி ஆவும்யா, மசி! அத்தன தோலும் கறுத்துப்போனா யார் பதில் சொல்றது, உங்கப்பனா?" டிரம்முக்குள் அடிக்கும் ஆணிகூடப் பித்தளையில்தான் இருக்க வேண்டும். பதினெட்டு வருஷம் இதையே கத்தியவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் வீட்டில் அவருடைய அக்கா மகன் ஜெயகரன் தங்கியிருந்தான். நாட்றம்பள்ளிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, பி.ஏ. முடித்து, ஷூ கம்பெனியில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் தற்காலிக வேலையில் இருந்தான். அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். படிப்பு அவனுக்கு எதைக் கொடுத்ததோ இல்லையோ, கேள்விகளைத் தாராளமாகக் கொடுத்திருந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, எனக்கு உண்மையிலேயே பசிக்கிறதா, மணி ஒன்று ஆனதால் பசிப்பதாக நினைக்கிறேனா என்று யோசிக்கிறவன். மாமா அவனை யாருக்கு அறிமுகம் செய்தாலும், "அக்கா பையன். நானே படிக்க வெச்சேன்" என்பார். ஜெயகரனுக்குச் சுருக்கென்று இருக்கும். டைம் ஆபீசில் அவன் சொல்வது வேறு: "கெரசின் விளக்கு வெளிச்சத்துல நானே படிச்சி மேல வந்தேன் சார்." அந்த விளக்குக்குக் கெரசின் வாங்க ரேஷன் கடை வரிசையில் நின்ற அம்மாவை அவன் அந்த வாக்கியத்தில் எங்கேயும் சேர்ப்பதில்லை. வாக்கியம் நீண்டுவிடும் அல்லவா?

கதை ஒரு காலண்டரில் தொடங்கியது. எண்பதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாயக் கம்பெனி ஒன்று தொழிற்சாலைக்கு அனுப்பிய காலண்டரின் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் இருந்தது. தரையைத் தோண்டாமல் தரைக்கு மேலேயே பெரிய தொட்டி போல வட்டமாக ஒரு நீச்சல் குளம். அதை ஒட்டிப் பலகையால் ஒரு மேடை. மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜூஸ் குடிக்கும் மனைவி. அரைக்கால் சட்டையில், கையில் சுத்தியலோடு சிரிக்கும் கணவன். கிருபானந்தம் அந்தத் தாளை மட்டும் கிழித்து வீட்டுக்கு எடுத்துவந்து ஜெயகரனிடம் நீட்டினார்.

"கீழ இங்கிலீஷ்ல இன்னாவோ போட்டிருக்கான் பாரு. இன்னா அது?"

ஜெயகரன் படித்தான். நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அவன் அன்று உண்மையைச் சொன்னதுதான். "இதெல்லாம் அந்த ஆளே கட்டினதாம் மாமா."

"அவனேவா?"

"ஆமா மாமா. வீட்டுக்காரரே கட்டினதுன்னு போட்டிருக்கு."

கிருபானந்தம் படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். தலையைச் சாய்த்தார். "இதுல இன்னா இருக்குது?" என்றார்.

அடுப்பங்கரையில் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. அவர் மனைவி ரோஸ். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்திருந்தது. "மொதல்ல பாத்ரூம் கதவ மாட்டுங்க" என்று உள்ளேயிருந்தே சொன்னார்.

பாத்ரூம் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈரத்தில் அடிப்பக்கம் உப்பி, மூடும்போது தரையில் உரசியது. தச்சரைக் கூப்பிட்டால் அரை மணி நேர வேலை. கிருபானந்தம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் அதைத் தானே கழற்றினார். கழற்றியதோடு சரி. கதவு கொல்லைச் சுவரில் சாய்ந்திருந்தது. கதவு இருந்த இடத்தில் ரோஸின் பழைய புடவை ஒன்று தொங்கியது. அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் ஏற்பட்டது. குளிக்கிறவர் உள்ளே இருக்கும்வரை கீர்த்தனை பாட வேண்டும். பாட்டுச் சத்தம் நின்றுவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம், யாரும் புடவையை விலக்கலாம். ரோஸ் உரக்கப் பாடுவார். ஜெயகரனுக்கு இரண்டாவது சரணத்தில் ஏதாவது சந்தேகம் வந்துவிடும், இந்த வரியை நான் நம்பித்தான் பாடுகிறேனா என்று நிறுத்தி யோசிப்பான். மாமா பல்பொடியோடு உள்ளே வந்துவிடுவார்.

குளத்துக்கு வேண்டிய மூலப்பொருள் ஆபித் பாஷாவிடம் இருந்தது. தொழிற்சாலைகளில் கழித்துக்கட்டும் பழைய சாமான்களை வாங்கி விற்கும் அவர், கிருபானந்தத்துக்குப் பழைய தோஸ்த். அவர் கிடங்கில் ஒரு டிரம் படுத்துக்கிடந்தது. இருபது வருஷம் பட்டைத் தண்ணீரைக் குடித்து ஓய்வுபெற்ற கிழட்டு டிரம். பித்தளை ஆணிகளை எல்லாம் பிடுங்கி ஏற்கெனவே விற்றாயிற்று.

"பாய், இத இன்னா பண்ணப் போறீங்க?"

"வெறகுக்குத்தான் கிருபா. ஹோட்டல்காரன் கேட்டான்."

"எனக்குக் குடுங்க. நீச்சல் குளம் கட்டப்போறேன்."

ஆபித் பாஷா சிரித்ததில் வெற்றிலைச் சாறு சட்டையில் தெறித்தது. "அரே கிருபா, ஊர்ல குடிக்கத் தண்ணி கெடைக்காம ஜனங்க கொடத்த தூக்கினு பேஜார் படுது. நீ நீந்தப் போறியா?"

"சும்மா ஒரு தொட்டி பாய். இதுல இன்னா இருக்குது?"

ஆபித் பாஷாவின் லாரியில், ஆபித் பாஷாவின் ஆட்கள் அதை ஏற்றிவந்து, உருட்டிக் கொல்லைக்குள் தள்ளினார்கள். வழியில் அது ஒரு விளக்குக் கம்பத்தைச் சாய்த்து, பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு கிளையை முறித்தது. கிருபானந்தம் முன்னால் நடந்து, "லெஃப்ட்ல, லெஃப்ட்ல" என்று கையைக் காட்டிக்கொண்டே வந்தார். அன்று மாலை தொழிற்சாலைத் தோழர்களிடம் அவர் சொன்னது: "அந்தப் பூதத்த நானே வூட்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

அவருடைய யோசனை, யோசனை என்ற அளவில், பழுதில்லாதது. டிரம்மை நிமிர்த்தி நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றிவிட்டால் வட்டமான குளம். கழற்றிய மூடிப் பலகைகளை வைத்து மேடை. அதை அவர் காலண்டரில் இருந்தபடி டெக் என்றார். தெரு அதைக் கல்யாண மேடை என்றது. நடுவில் அச்சு போன ஓட்டையை அடைத்து, பிரிந்துகொண்டிருந்த பலகைகளை இறுக்கிக் கட்ட வளையம் வேண்டும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் போடும் இரும்புப் பட்டாக்கள் இரண்டை வாங்கி, வளைத்து, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகப் போட்டார். உள்ளே இறங்குவதற்கு ஒரு ஏணியை அடித்துப் பொருத்தினார். எதை வைத்து? நல்ல, கனமான, புத்தம் புதிய இரும்பு ஆணிகளை வைத்து.

பித்தளை ஆணிக்காக ஊரையே கூட்டிக் கத்தியவருக்கு அப்போது அது தோன்றவே இல்லையா என்று கேட்பீர்கள். தொழிற்சாலையில் அது பட்டைத் தண்ணீர். வீட்டில் ஊற்றப்போவது வெறும் தண்ணீர்தானே? மனிதர்கள் செருப்பைப் போலவே அறிவையும் வேலை செய்யும் இடத்து வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள். கிருபானந்தம் மட்டும் என்ன விதிவிலக்கா?

மேடையில் ஒரு இடத்தில் பலகை போதவில்லை. குளத்தின் பக்கம், தண்ணீருக்கு மேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும் இடம் அது. காலண்டர்க்காரன் அங்கிருந்துதான் குதிக்கத் தயாராக நின்றான். கிருபானந்தம் கொல்லையைச் சுற்றிலும் பார்த்தார். சுவரில் பாத்ரூம் கதவு சாய்ந்திருந்தது.

"ஐயோ, அது கதவுங்க!"

"தெரியும் ரோஸ். அதுதான் இதுல விசேஷமே. கீல் இருக்குது பாரு. அந்தக் கீல வெச்சே மேடையில மாட்டிடுவேன். வேணும்னா நீட்டிக்கலாம், வேணாம்னா மடக்கிக்கலாம்."

"ஆள் ஏறி நின்னா தாங்குமா?"

"தாழ்ப்பாள் இருக்குதே. அதப் போட்டுட்டா அசையாது."

ரோஸ் அடுப்பங்கரைக்குத் திரும்பினார். இருபது வருஷக் குடும்ப வாழ்க்கை.

தண்ணீரை ஆபித் பாஷாவின் கிடங்கு ஆழ்குழாயிலிருந்து லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் பீறிட்டது. கிருபானந்தம் கயிற்றுத் திரி, ஆட்டுக் கொழுப்பு, மனைவியின் கோதுமை மாவு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் அடைத்தார். எதுவும் நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்து, காய்ந்து கிடந்த மரம் ஈரத்தில் ஊறி உப்பி, இடுக்குகளைத் தானாகவே மூடிக்கொண்டது. "லீக்கை நானே நிறுத்திட்டேன்" என்றார் கிருபானந்தம். மரத்துக்குப் பேசத் தெரியாதது அவருடைய நல்ல காலம்.

இதற்கிடையில் ஜெயகரனுக்கு ஒரு சிக்கல். அவன் வேலூரில் நர்ஸ் வேலை பார்க்கும் கிரேஸியைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினான். விரும்புகிறோமா என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளாத ஒரே விஷயம் அது. கிரேஸிக்கும் சம்மதம். அவள் அப்பா தேவசகாயம், பள்ளிகொண்டாவில் கீற்றுக் கொட்டகையில் ஒரு சின்னச் சபை நடத்தும் பாஸ்டர். குழந்தையில் தெளித்த ஞானஸ்நானத்தை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வளர்ந்த பிறகு, தெரிந்து, தண்ணீரில் முழுகி எடுத்தால்தான் செல்லும்.

"முழுக்கு எடுக்கணும் தம்பி" என்றார் அவர். "ஆனா பொண்ணுக்காக எடுக்கக் கூடாது. மாமா சொன்னாருன்னு எடுக்கக் கூடாது. நீயா முடிவு பண்ணி வரணும். வந்து, நானேதான் முடிவு பண்ணேன்னு என் முகத்தப் பாத்து சொல்லணும். சொல்ல முடியலன்னா தப்பில்ல. ஆற்காட்டுல ஒரு வாத்தியார் வரன் வந்திருக்கு, முழுக்கு எடுத்த பையன். அவங்களுக்கு நான் இந்த மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்."

சாதாரண ஆளுக்கு இது ஒரு நிமிஷ வேலை. ஜெயகரனுக்கு? நீயாக முடிவு செய் என்று அவர் சொல்லி நான் முடிவு செய்தால் அது நானாகச் செய்த முடிவா? கிரேஸியே இல்லையென்றால் எனக்கு இந்த எண்ணம் வந்திருக்குமா? கிரேஸி இல்லாத ஒரு ஜெயகரனை இப்போது எங்கே போய்த் தேடுவது? இதைப் பற்றி அவன் பேருந்தில் யோசித்தான், வருகைப் பதிவில் முத்திரை குத்தும்போது யோசித்தான், பாத்ரூமில் பாட்டை நிறுத்திவிட்டு யோசித்தான்.

கிரேஸி ஒருநாள் பேருந்து நிலையத்தில் வைத்துக் கேட்டாள். "இன்னும் எவ்ளோ நாள் யோசிப்பீங்க?"

"என் மனசு எனக்கே சரியா தெரியல கிரேஸி."

"அந்த வாத்தியாருக்கு அவர் மனசு நல்லா தெரியுதாம். அப்பா சொன்னாரு."

இதற்குமேல் ஒரு தடங்கல். முழுகுவதற்குத் தண்ணீர் எங்கே? பாலாற்றில் மணல் லாரிகள்தான் ஓடின. சபைக்காரர்கள் வழக்கமாகப் போகும் விவசாயக் கிணற்றில் தவளைக்கே முழங்கால் ஆழம் இல்லை. விஷயத்தைக் கேள்விப்பட்ட கிருபானந்தம் அன்றே பள்ளிகொண்டாவுக்கு பஸ் ஏறினார். "கவலையே படாதீங்க பாஸ்டர். நம்ம வூட்லயே குளம் இருக்குது. நானே கட்டினது."

பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று நாள் குறித்தார்.

சனிக்கிழமை ஜெயகரன் குளத்தின் பக்கம் போனான். தண்ணீர் முதலில் டீ நிறத்தில் இருந்தது அவனுக்குத் தெரியும். இப்போது அதில் வானமே தெரியவில்லை. கையை விட்டுப் பார்த்தான். வெளியே எடுத்தபோது நக ஓரங்கள் பரீட்சை எழுதிவிட்டு வந்த பையனுடையது போல இருந்தன.

"மாமா, தண்ணி கறுப்பா இருக்கே?"

"ஆழம்டா. கடல் தூரத்துல கறுப்பா தெரியல? ஆழம் ஜாஸ்தியா இருந்தா அப்படித்தான்."

கழுத்தளவு ஆழத்துக்குக் கடலின் நிறம் வருமா என்று ஜெயகரனுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தின் மேலேயே அவனுக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. உள்ளே போய்விட்டான்.

ஞாயிறு மத்தியானம் சபை முழுக்க வெள்ளை உடையில் வந்து இறங்கியது. தெருவும் வந்தது, தண்ணீர் கிடைக்குமென்று குடத்தோடு. பழைய தோஸ்த் என்ற உரிமையில் ஆபித் பாஷா வந்து முருங்கை நிழலில் நின்றார். பாஸ்டர் வெள்ளை அங்கியில். ஜெயகரன் புது வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில். மேடையில் அவனுக்குப் பின்னால் ரோஸ் அத்தை, அத்தைக்குப் பின்னால் கிரேஸி. கூட்டம் குளத்தை எட்டிப் பார்த்தது; ஒன்றும் தெரியவில்லை. "எவ்ளோ ஆழமோ!" என்று ஒரு அம்மாள் வியந்தார். கிருபானந்தத்தின் நெஞ்சு விரிந்தது.

பாட்டு முடிந்தது. பாஸ்டர் வேதப் புத்தகத்தைத் திறக்கும் முன் கிருபானந்தம் கையைத் தூக்கினார். "ஒரே நிமிஷம் பாஸ்டர். இந்த டெக்கப் பத்தி ரெண்டு வார்த்தை." நானேக்காரர் தான் செய்த பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் யாரையும் அதில் ஏறவிட மாட்டார். "இந்த மேடை, இந்த ஏணி, இந்தத் தொட்டி, எதுக்கும் ஒரு ஆள் வெக்கல. எல்லாம் நானே. இப்ப இந்தக் கடைசிப் பலகை இருக்குதே, இதுல ஒரு ஆள் இல்ல, நாலு ஆள் நின்னாலும்…" என்று சொல்லிக்கொண்டே அதன்மேல் போய் நின்றார்.

கதவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது திறந்தது.

தாழ்ப்பாள் பறந்துபோய்க் குடம் ஒன்றில் ‘டங்’ என்று விழுந்த சத்தமும் கிருபானந்தம் தண்ணீருக்குள் போன சத்தமும் ஒன்றாகக் கேட்டன. பிறகு அவர் எழுந்தார். வெள்ளைச் சட்டையோடு போனவர் மசிக்கூட்டுக்குள்ளிருந்து எழுந்த பேனா முள் போல வந்தார். சட்டை, வேட்டி, மீசை, காது மடல் எல்லாம் ஒரே நீலக்கறுப்பு. பல் மட்டும் தெரிந்தது. பழக்க தோஷத்தில் கூட்டத்தில் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார்.

முருங்கை நிழலிலிருந்து ஆபித் பாஷாவின் குரல் வந்தது. "கிருபா… இரும்பு போட்டியா?"

கிருபானந்தம் ஏணியின் ஆணிகளைப் பார்த்தார். இருபது வருஷம் டிரம் குடித்த பட்டைத் தண்ணீர் மொத்தமும் அவர் மீசையிலிருந்து சொட்டியது. பதினெட்டு வருஷம் கத்திய கத்தலெல்லாம் அவர் காதிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆனால் இந்த இனம் அவ்வளவு எளிதில் சாகாது. "ஒண்ணும் ஆவல பாஸ்டர். நானே தண்ணிய மாத்திடறேன். ஒரு வாரம் குடுங்க."

பாஸ்டர் தன் வெள்ளை அங்கியைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "வேணாம் பிரதர். நாம இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று வேதப் புத்தகத்தை மூடினார்.

இன்னொரு நாள் என்றால் ஆற்காட்டு வாத்தியார். மேடையில் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது. ஜெயகரன் கறுத்த தண்ணீரைக் குனிந்து பார்த்தான். அதில் அவன் முகம் தெரியவில்லை. தன்னையே கேட்டுக்கொள்ள எதிரே ஆள் இல்லாததுபோல் இருந்தது. அந்த நேரத்தில் அவன் முதுகில், சரியாக விலாவுக்குக் கீழே, ஒரு முழங்கை இடித்தது. அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"இதுலயே எறங்கறேன் பாஸ்டர்."

"இந்தத் தண்ணியிலயா? யார் சொல்லி தம்பி?"

"யாரும் சொல்லல." அவன் அவர் முகத்தைப் பார்த்தான். "நானேதான்."

பாஸ்டர் அவனுக்குப் பின்னால் பார்த்தார். ரோஸ் அத்தை வானத்தில் போகும் பருந்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். பாஸ்டரின் உதட்டோரம் எதையோ அடக்கியது. "சரி, மொதல்ல உங்க மாமாவ வெளிய எடுங்க" என்றார்.

கிருபானந்தம் அவசரமாக ஏணியில் ஏறினார். ஏணியின் ஒரு படி அவரோடு வந்துவிட்டது. பாஸ்டர் இறங்கினார். ஜெயகரன் இறங்கினான். தண்ணீர் குளிர்ந்து, பட்டை வாசனையோடு இருந்தது. அவர் அவன் தலையைப் பிடித்து முழுக்கினார். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டில் அவனுக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. அது எத்தனை நேரம் என்று தெரியாது. மூச்சு பிடித்த நேரம்தான் இருக்கும். மேலே வந்தபோது சபை பாடிக்கொண்டிருந்தது. குடத்தோடு வந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்டது.

கிரேஸி துண்டை நீட்டினாள். வாயை மூடியிருந்த கையை எடுக்க முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சொன்னாள்: "சோப்புல போவாது. எலுமிச்சம்பழம் தேச்சுக் குளிங்க. பாட்ட மட்டும் நிறுத்திடாதீங்க, கதவு தண்ணியில தொங்குது."

அடுத்த மாதம் கல்யாணம். போட்டோவில் மாப்பிள்ளையும் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் மாமாவும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நகத்தின் கறை போக நாளாகும். டிரம் ஹோட்டல்காரனின் அடுப்புக்கே போனது. ரோஸ் தச்சரைக் கூப்பிட்டு, அரை மணி நேரத்தில் கதவை மாட்டிக்கொண்டார். அந்த அரை மணி நேரமும் தச்சருக்குப் பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம் மேல, கொஞ்சம் மேல" என்று சொல்லிக்கொண்டிருந்த கிருபானந்தம், அந்தக் கதவைத் தானே மாட்டியதாக இன்றுவரை சொல்கிறார். அக்கா பையன் கல்யாணத்தையும் அவரேதான் முடித்து வைத்தார். அவர் கட்டிய குளம் இல்லாவிட்டால் நடந்திருக்குமா?

ஜெயகரன் அதைக் கேட்டுச் சிரிப்பான். சிரித்துவிட்டு, தன் வாழ்க்கையில் தானாகவே எடுத்த ஒரே முடிவு அதுதான் என்று நண்பர்களிடம் சொல்வான். ஆனால் அவன் ஜெயகரன் அல்லவா? அந்த முழங்கை அவனைத் தூங்கவிடவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டான்.

"அத்தை, அன்னிக்கு மேடையில நீங்கதானே என்ன இடிச்சீங்க?"

"நான் எதுக்குப்பா இடிக்கறேன்? பின்னால இருந்து யாரோ என்ன இடிச்சாங்க. நான் உம்மேல சாஞ்சேன்."

அத்தைக்குப் பின்னால் நின்றது யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். அவளிடம் கேட்டபோது அவள் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "உங்கள நம்பி உட்காந்திருந்தா இந்தக் கல்யாணம் நடந்திருக்குமா? நானேதான் முடிச்சேன்."

நீங்கள் இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் கண்முன் வந்திருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டில் சகிதமாக வந்திருக்கும். இந்தக் கதை அவரைப் பற்றியதுதான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாய் துடிக்கும். தாராளமாகச் சொல்லுங்கள். ‘யாரும் சொல்லல, நானே கண்டுபிடிச்சேன்’ என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அப்படிச் சொல்லத்தான் வேண்டுமென்றால், சொல்வதற்கு முன்னால் ஒருதரம் குனிந்து கீழே பாருங்கள். ஸ்டூலை யாரோ பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.